சர்வர் அதேதான், நம்பர் வேற: சீரியல் நம்பரும் சாஃப்ட்வேர் லைசென்ஸும்

(எபிசோடில் பேசியதைச் சுருக்கி, கொஞ்சம் திருத்தி எழுதிய வடிவம்.)

இன்னிக்குத் தலைப்பைக் கேட்டதும் பாதிப் பேர் ஸ்கிப் பண்ணிடுவீங்கன்னு தெரியும். சர்வர்ல ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், அதுல ஒரு சீரியல் நம்பர் இருக்கும். அதைப் பத்தித்தான் முழு எபிசோடும். வாரன்ட்டிக்கு கால் போடும்போது மட்டும் நாம தேடுற நம்பர் அது. ஆனா அந்த நம்பர் மாறிப்போனா ஒரு கம்பெனியோட பில்லிங் நின்னுபோகலாம், ஒரு ஆஸ்பத்திரி லேப்ல ரிப்போர்ட் வராம போகலாம். அதனால கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

ஒரு சாதாரண சூழ்நிலையை எடுத்துக்குவோம். ராத்திரி ஒரு மணி. சர்வர்ல மதர்போர்டு போயிடுச்சு. சர்வீஸ் இன்ஜினியர் வந்து புது போர்டு மாட்டுறார். டிஸ்க் அதே, ரேம் அதே, ப்ராசசர்கூட அதே. பவர் போட்டா அழகா பூட் ஆகுது. எல்லாரும் நிம்மதியா டீ குடிக்கக் கிளம்புறாங்க. திரும்பி வந்து பார்த்தா முக்கியமான அப்ளிகேஷன் மட்டும் திறக்கலை. "இந்த மெஷினுக்கு லைசென்ஸ் இல்லை"ன்னு ஒரு மெசேஜ்.

காசு கொடுத்து வாங்கின சாஃப்ட்வேர். நேத்து வரைக்கும் ஓடின சாஃப்ட்வேர். திருட்டு எதுவும் நடக்கலை. அப்புறம் ஏன்?

ஏன்னா சாஃப்ட்வேர் ஒரு கேள்வியைக் கேக்குது: "நேத்து நான் இருந்த மெஷின்தானா இது?" நம்ம ஊர்த் தேரை நினைச்சுப் பாருங்க. சக்கரம் மாத்துவாங்க, மரத்தை மாத்துவாங்க, சில தேர்களை மொத்தமாவே புதுசா செஞ்சு வெள்ளோட்டம் விடுவாங்க. அப்பவும் ஊர்க்காரங்களுக்கு அது அதே தேர்தான், யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. சாஃப்ட்வேருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அதுக்கு ஒரு நம்பர் வேணும். எந்த நம்பர், அது எங்க எழுதியிருக்கு, யாரால மாத்த முடியும் என்பதுல ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி முடிவெடுத்திருக்கு. அந்த முடிவோட பலனை அனுபவிக்கிறது நாமதான்.

நம்பருக்குள்ள என்ன இருக்கு

முதல்ல நம்பரைப் படிக்கப் பழகிக்குவோம். இது உண்மையிலேயே ஜாலியான பகுதி.

ஹெச்பி ப்ரோலையன்ட் சர்வர்களை எடுத்துக்குங்க. பல வருஷமா அதுல 10 எழுத்து சீரியல் நம்பர். முதல் இரண்டு எழுத்து நாடு, மூணாவது எந்த ஆலை, நாலாவது வருஷம், ஐந்தும் ஆறும் எத்தனையாவது வாரம், கடைசி நாலு அந்த வாரத்துல அந்தப் பெட்டிக்கு மட்டும் உரிய அடையாளம். 'எஸ்ஜிஹெச்'னு தொடங்கினா சிங்கப்பூர், 'எம்எக்ஸ்கியூ'ன்னா மெக்சிகோ, 'சிஇஸட்ஜே'ன்னா செக் குடியரசு. அதுக்கப்புறம் 432 வந்தா, வருஷம் 4, வாரம் 32. ஆகஸ்ட் மாசம் செஞ்ச பெட்டி.

ஆனா எந்த ஆகஸ்ட்? வருஷத்துக்கு ஒரே ஒரு இலக்கம்தான் ஒதுக்கியிருக்காங்க. 2014-ஆவும் இருக்கலாம், 2024-ஆவும் இருக்கலாம். மாடலைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். செகண்ட் ஹேண்ட் சர்வர் வாங்குறவங்க இதை ஞாபகம் வெச்சுக்குங்க. விக்கிறவர் "ரெண்டு வருஷ மெஷின் சார்"னு சொன்னா ஸ்டிக்கரைப் பாருங்க, மாடல் எந்த வருஷம் வந்ததுன்னும் பாருங்க.

சிஸ்கோவோடது 11 எழுத்து. முதல் மூணு இடம், அடுத்த ரெண்டு வருஷம், அடுத்த ரெண்டு வாரம், கடைசி நாலு தனி அடையாளம். வருஷத்துல ஒரு சின்ன தந்திரம் இருக்கு: அதோட 1996-ஐக் கூட்டணும். 01-ன்னா 1997. 25-ன்னு இருந்தா அது 2025 இல்லை, 2021. இது தெரியாம நாலு வருஷப் பழைய ஸ்விட்சைப் புதுசுன்னு நினைச்சு வாங்குறவங்க இருக்கத்தான் செய்வாங்க.

டெல் வேற வழியில போச்சு. அவங்களோட சர்வீஸ் டேக் 7 எழுத்து. அதுக்குப் பக்கத்துலயே எக்ஸ்பிரஸ் சர்வீஸ் கோடுன்னு இன்னொரு நீளமான நம்பர் இருக்கும். ரெண்டும் வேற வேறன்னு பலர் நினைக்கிறாங்க. ரெண்டும் ஒரே நம்பர்தான். 0 முதல் 9 வரை 10 இலக்கம், ஏ முதல் இஸட் வரை 26 எழுத்து, ஆக மொத்தம் 36 குறி. சர்வீஸ் டேக் அந்த 36-ஐ அடிப்படையா வெச்சு எழுதின எண். அதையே நாம வழக்கமா எழுதுற 10-ஐ அடிப்படையா வெச்சு எழுதினா எக்ஸ்பிரஸ் கோடு. உதாரணத்துக்கு '1ஏ'ன்னு ஒரு குட்டி டேக் இருந்தா, ஒண்ணு பெருக்கல் 36, கூட்டல் ஏ-க்கு 10, மொத்தம் 46. எதுக்கு இந்த வேலை? ஃபோன்ல சப்போர்ட்டைக் கூப்பிடும்போது கீபேட்ல எழுத்தை அடிக்கிறது கஷ்டம், நம்பரை அடிக்கிறது சுலபம். அவ்வளவுதான். 7 எழுத்துல மொத்தம் 7,836 கோடிக்கும் மேல சேர்க்கைகள் கிடைக்கும், அதனால தீர்ந்துபோற கவலை இல்லை.

அர்த்தம் இருக்கிற நம்பர் நல்லதா, அர்த்தம் இல்லாத நம்பர் நல்லதா? சர்வீஸ் பண்றவங்களுக்கு முதல் வகைதான் பிடிக்கும். "இந்த ஆலை, இந்த வாரம், இந்த பேட்ச்ல பிரச்சினை"ன்னு உடனே சொல்லலாம். ஆனா அமைப்பு தெரிஞ்சா போலி நம்பர் தயாரிக்கிறதும் சுலபம், எத்தனை பெட்டி வித்திருக்காங்கன்னு போட்டியாளர் கணக்குப் போடுறதும் சுலபம். ஆப்பிள் 2021-லேர்ந்து புதுப் பொருள்களுக்கு அர்த்தமே இல்லாத சீரியல் நம்பருக்கு மாற ஆரம்பிச்சது. அது சர்வர் கதை இல்லைதான், ஆனா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியுதுல்ல.

ஸ்டிக்கர் வேற, சிப் வேற

சரி, சாஃப்ட்வேருக்குக் கண்ணு கிடையாது. அது ஸ்டிக்கரைப் படிக்காது. மதர்போர்டுல இருக்கிற ஒரு சிப்ல அதே நம்பரை ஆலையிலயே எழுதி வெச்சிருப்பாங்க. எஸ்எம்பயாஸ்னு ஒரு பொதுவான அட்டவணை. லினக்ஸ்ல டிஎம்ஐடிகோட்னு கமாண்ட் அடிச்சா வரிசையா கொட்டும். அதுல சிஸ்டத்துக்கு ஒரு சீரியல், போர்டுக்குத் தனியா ஒண்ணு, கேஸுக்குத் தனியா ஒண்ணு, கூடவே யுயுஐடின்னு 128 பிட்ல ஒரு அடையாளம். நாம "சர்வர் சீரியல் நம்பர்"னு சாதாரணமா சொல்றதுக்குள்ள இத்தனை இருக்கு. லைசென்ஸ் இதுல எதைப் பார்க்குதுங்கறது அந்த சாஃப்ட்வேர் எழுதினவங்க இஷ்டம்.

அசெம்பிள் பண்ண மெஷின்ல இன்னும் வேடிக்கை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல போர்டு வாங்கி, கேஸ் வாங்கி, நீங்களே சர்வர் கட்டினீங்கன்னு வைங்க. சீரியல் நம்பர் என்னன்னு கேட்டா, பல போர்டுகள் "டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்."னு பதில் சொல்லும். அதாவது, தயாரிப்பாளர் நிரப்ப வேண்டிய இடம், யாரும் நிரப்பலை. உலகம் முழுக்க எத்தனையோ மெஷினுக்கு அதுதான் சீரியல் நம்பர்! ஆஃபீஸ்ல இன்வென்டரி சாஃப்ட்வேர் போட்டு, 40 கம்ப்யூட்டரை ஒரே கம்ப்யூட்டர்னு அது எண்ணிட்டு நிக்கிறதைப் பார்த்திருந்தீங்கன்னா, காரணம் இதுதான்.

இப்ப அந்த ராத்திரி ஒரு மணிக்கு வருவோம். புது மதர்போர்டுல சிஸ்டம் சீரியல் காலியா இருக்கும். ஸ்டிக்கர் கேஸ்ல பத்திரமா ஒட்டியிருக்கு, சிப்ல நம்பர் இல்லை. ஹெச்பி-ல போர்டு மாத்தினதும் செட்டப் மெனுவுக்குள்ள போய் சீரியல் நம்பரையும் ப்ராடக்ட் ஐடி-யையும் கையால அடிக்கணும். டெல் பவர்எட்ஜ்ல 13-ஆவது தலைமுறையிலேர்ந்து ஈஸி ரிஸ்டோர்னு ஒரு வசதி வந்துச்சு. சர்வீஸ் டேக், லைசென்ஸ், செட்டிங் எல்லாத்துக்கும் ஒரு காப்பி மதர்போர்டுக்கு வெளியே தனியா இருக்கும். புது போர்டு மாட்டி பவர் போட்டா, "பழசை எடுத்துப் போடட்டுமா?"ன்னு கேக்கும். ஐடிராக் லைசென்ஸ் சர்வீஸ் டேக்கோட கட்டியிருக்கிறதால டேக் சரியா வந்தாத்தான் அதுவும் வரும். தூக்கக் கலக்கத்துல இன்ஜினியர் இந்த ஒரு ஸ்டெப்பைத் தாண்டிட்டார்னா, காலையில வாரன்ட்டியும் இல்லை, லைசென்ஸும் இல்லை.

இதெல்லாம் எப்ப ஆரம்பிச்சது

1969 வரைக்கும் இந்தத் தலைவலியே பெரிசா கிடையாது. கம்ப்யூட்டர் வாங்கினா சாஃப்ட்வேர் கூடவே வரும். 1969 ஜூன்ல ஐபிஎம், சாஃப்ட்வேருக்குத் தனியா விலை வைக்கிறதா அறிவிச்சது. விலை வந்ததும் அடுத்த கேள்வி தானா வரும்: ஒரு மெஷினுக்கு வாங்கினவர் ரெண்டு மெஷின்ல ஓட்டினா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1970-ல் அறிவிச்ச சிஸ்டம்/370 வரிசையில எஸ்டிஐடிபின்னு ஒரு கட்டளை இருந்துச்சு. ப்ராசசரைப் பார்த்து "உன் அடையாளம் என்ன?"ன்னு கேக்குற கட்டளை. மாடலும் அடையாள எண்ணும் சேர்ந்து பதிலா வரும். வேற கம்பெனிகள் மெயின்ஃப்ரேமுக்கு எழுதின சாஃப்ட்வேர்கள் அந்த எண்ணைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த எண்ணுக்கு மட்டும் செல்லுபடியாகிற சாவி, அதாவது கீ, கொடுக்க ஆரம்பிச்சாங்க.

இதுக்குத்தான் பேங்குகள்ல டிசாஸ்டர் ரெகவரி திட்டம் போடுறவங்க தனியா ஒரு பட்டியல் வெச்சிருப்பாங்க. வெள்ளம் வந்து டேட்டா சென்டர் மூழ்கிட்டா வேற ஊர்ல இருக்கிற மெஷின்ல எல்லாத்தையும் எழுப்பணும். டேட்டா இருக்கு, ஆளு இருக்கு, மெஷின் இருக்கு. ஆனா அந்த மெஷினோட நம்பர் வேற. எமர்ஜென்சி கீ முன்னாடியே வாங்கி வெக்கலைன்னா, முட்டிக்கால் தண்ணியில நின்னுக்கிட்டு பத்து கம்பெனியோட சப்போர்ட்டுக்கு ஃபோன் போடணும்.

அடுத்தது என்னோட ஃபேவரிட் கதை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 90-கள்ல இன்ஜினியரிங் கம்பெனி, யுனிவர்சிட்டின்னு எங்க பார்த்தாலும் ஸ்பார்க் மெஷின். அதுல ஹோஸ்ட் ஐடின்னு ஒண்ணு, 8 இலக்க ஹெக்ஸ் எண். மெஷின் எந்த வகைங்கறதை முதல் ரெண்டு இலக்கம் சொல்லும். லட்சக்கணக்குல விலை போன டிசைன் சாஃப்ட்வேர்கள் இந்த ஹோஸ்ட் ஐடி-யைத்தான் பார்த்தாங்க.

அந்த ஹோஸ்ட் ஐடி எங்க இருந்துச்சுன்னு தெரியுமா? என்விரேம்னு ஒரு சிப்ல. அந்த சிப்புக்கு உள்ளேயே ஒரு பேட்டரியை வெச்சு பிளாஸ்டிக்கால மூடிட்டாங்க. கழட்டி மாத்த முடியாது. ஏறக்குறைய பத்து வருஷம் ஓடும். பேட்டரி தீர்ந்த அன்னிக்கு, "என் அடையாள விவரம் செல்லாது"ன்னு மெஷினே திரையில எழுதும். ஹோஸ்ட் ஐடி, நெட்வொர்க் முகவரி எல்லாத்துலயும் வரிசையா எஃப் எழுத்தே நிக்கும். மெஷின் உயிரோட இருக்கு, பேர் மட்டும் மறந்துபோச்சு. லைசென்ஸ் காலி.

மக்கள் சும்மா விடுவாங்களா? ஒரு கூட்டம் அந்த பிளாஸ்டிக்கை அறுத்து, பழைய பேட்டரிக் கம்பியை வெட்டிட்டு, வெளியே நாணய பேட்டரியை சால்டர் பண்ணி ஒட்டினாங்க. இன்னொரு கூட்டம் பூட் ஆகுற இடத்துலயே நின்னு, ஓபன்பூட் கட்டளைகளால ஹோஸ்ட் ஐடி-யைத் திரும்ப ஒவ்வொரு பைட்டா எழுதினாங்க. 15 பைட் எழுதி, கடைசியா ஒரு சரிபார்ப்பு பைட். எழுத முடியும்னா எதை வேணா எழுதலாம், இல்லையா? பக்கத்து மெஷினோட ஹோஸ்ட் ஐடி-யைக்கூட எழுதலாம். காசு கொடுத்தவர் தன்னோட சொந்த மெஷினை மீட்கிறதுக்கும், காசு கொடுக்காதவர் ஏமாத்துறதுக்கும் கட்டளை ஒண்ணேதான். என்னைக் கேட்டா, பேட்டரிக்குள்ள அடையாளத்தை வெச்ச அன்னிக்கே அந்தப் பூட்டு தோத்துடுச்சு.

சன் இதுல பாடம் கத்துக்கிச்சு. போர்டு மாத்தும்போது பழைய போர்டுலேர்ந்து அந்த சிப்பைப் பிடுங்கிப் புதுசுல மாட்டுறது சர்வீஸ் வழக்கமா இருந்துச்சு. பின்னாடி வந்த சன் ஃபயர் வி240 மாதிரி மாடல்கள்ல அடையாளத்தை ஒரு சின்ன கார்டுல வெச்சாங்க, நம்ம ஃபோன் சிம் மாதிரி. மெஷின் போனா கார்டை உருவி இன்னொரு பெட்டியில சொருகிடலாம். மெஷினையும் அடையாளத்தையும் பிரிச்ச அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இடையில இன்டெலும் ஒரு முயற்சி பண்ணுச்சு. 1999-ல் பென்டியம் III வந்தப்போ ஒவ்வொரு ப்ராசசருக்குள்ளயும் 96 பிட் சீரியல் நம்பர். சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு லட்டு மாதிரி விஷயம். ஆனா "இதை வெச்சு இன்டர்நெட்ல ஒவ்வொரு ஆளையும் பின்தொடரலாமே"ன்னு அமெரிக்காவுல தனியுரிமை அமைப்புகள் கொதிச்சுப் புறக்கணிப்புக்கே கூப்பிட்டாங்க. அடுத்து வந்த பென்டியம் 4-ல அந்த வசதியே இல்லை.

நெட்வொர்க் கார்டு, அப்புறம் விஎம்

ப்ராசசர்ல நம்பர் இல்லைன்னா வேற எதைப் பிடிக்கிறது? நெட்வொர்க் கார்டோட மேக் முகவரி. ஃப்ளெக்ஸ்எல்எம், இப்ப ஃப்ளெக்ஸ்நெட், சிப் டிசைன் கம்பெனியில வேலை பார்க்கிறவங்களுக்கு இந்தப் பேர் நல்லாத் தெரியும். ஒரு லைசென்ஸ் ஃபைல், அதுல சர்வர்னு ஒரு வரி, அந்த வரியில மேக் முகவரி. நெட்வொர்க் கார்டு போச்சுன்னா டிசைன் டீம் மொத்தமும் கை கட்டி உக்காரும்.

இதுல ஒரு வேடிக்கை. பழைய ஃப்ளெக்ஸ்எல்எம் லினக்ஸ்ல இத்0-ங்கற பேர்ல இருக்கிற நெட்வொர்க் கார்டை மட்டும்தான் தேடும். அப்புறம் ரெட்ஹாட் 7 மாதிரி புது லினக்ஸ்கள்ல கார்டுக்குப் பேர் வைக்கிற முறையே மாறிடுச்சு. கார்டு அங்கேயேதான் இருக்கு, மேக் அதேதான், பேர்தான் இத்0 இல்லை. ஹோஸ்ட் ஐடி என்னன்னு கேட்டா வெறுமையா பதில் வரும். சின்ன பேர் மாற்றத்துக்கு எத்தனை அட்மின்கள் எத்தனை நாள் மண்டையை உடைச்சுக்கிட்டாங்களோ.

இப்ப சர்வர்ங்கறதே பெரும்பாலும் விஎம்தான். மெஷினே ஒரு ஃபைல். ஃபைலை காப்பி பண்ணா மெஷினும் காப்பி. விஎம்வேர்ல ஒரு விஎம்-ஐ வேற இடத்துக்குக் கொண்டுபோய்த் திறந்தா ஒரு கேள்வி கேக்கும்: "நகர்த்தினீங்களா, காப்பி எடுத்தீங்களா?" நிறைய பேர் யோசிக்காம 'காப்பி'ன்னு தட்டிடுவாங்க. தட்டினா புது யுயுஐடி, புது மேக் முகவரி. அதாவது, புது ஆள். 'நகர்த்தினேன்'னு சொன்னா பழைய அடையாளம் அப்படியே இருக்கும். ஒரே ஒரு கிளிக்ல உங்க லைசென்ஸ் தலையெழுத்து. விஎம்வேர் விஎம்-ல சீரியல் நம்பரைப் பார்த்தீங்கன்னா, பல சமயம் விஎம்வேர்னு தொடங்கி 56 4டி-ன்னு போகும். அந்த ரெண்டு ஹெக்ஸ் எண்ணை எழுத்தா மாத்தினா 'வி', 'எம்'. யாரோ ஒரு புரோகிராமரோட குறும்பு மாதிரி இருக்கு.

கிளவுட்ல லைசென்ஸ் சர்வர் வைக்கிறவங்க கத்துக்கிட்ட வழி வேற. அமேசான்ல நெட்வொர்க் இன்டர்ஃபேஸைத் தனியா உருவாக்கி மெஷின்ல மாட்டுவாங்க. மெஷின் போனா இன்டர்ஃபேஸைக் கழட்டிப் புது மெஷின்ல மாட்டினா மேக் அப்படியே வரும். சன் கார்டு கதைதான், வேற வேஷம்.

பெட்டியை விட நம்பருக்கு மதிப்பு

ஐபிஎம் மிட்ரேஞ்ச் சர்வர்கள்ல, அதாவது 1988-ல் ஏஎஸ்/400-ன்னு வந்து இப்ப ஐபிஎம் ஐ-ன்னு ஓடுற குடும்பத்துல, சீரியல் நம்பர் 7 எழுத்து. முதல் ரெண்டு ஆலைக் குறி. இங்க மூணாவது கம்பெனி சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் சீரியல் நம்பர், மாடல் ரெண்டையும் சேர்த்துப் பூட்டும். அதனால புது மாடலுக்குப் போகும்போது கஸ்டமர்கள் கேக்குறது, "பழைய சீரியல் நம்பரோடவே அப்கிரேட் கிடைக்குமா?" பெட்டிக்குள்ள ஏறக்குறைய எல்லாமே மாறும், நம்பர் மட்டும் தொடரும். நம்ம தேர் மாதிரியே. நம்பர் மாறினா ஒவ்வொரு சாஃப்ட்வேர் கம்பெனிகிட்டயும் போய் மாற்றுக் கட்டணம் பேசணும். சில சமயம் அந்தக் கட்டணம் எல்லாம் சேர்ந்தா வன்பொருள் விலையையே ஓரங்கட்டிடும். ஐபிஎம்மோட சொந்த சாஃப்ட்வேர்னா கீ இல்லாமலே 70 நாள் சலுகைக் காலம் உண்டு. மத்தவங்க எல்லாரும் அவ்வளவு தாராளம் இல்லை.

2022-ல் ஐபிஎம் இங்க விர்ச்சுவல் சீரியல் நம்பரைக் கொண்டுவந்தது. நம்பர் பெட்டிக்கு இல்லை, அதுக்குள்ள ஓடுற பார்ட்டிஷனுக்கு. பார்ட்டிஷன் வேற பெட்டிக்குப் போனா நம்பரும் கூடவே போகும். ஐம்பது வருஷம் சுத்தி, அடையாளத்தை இரும்புலேர்ந்து பிரிச்சு எடுத்துட்டாங்க.

மைக்ரோசாஃப்ட் பக்கம் சுருக்கமா சொல்லிடறேன். விண்டோஸ் 95-ல கீ-யோட கடைசி 7 இலக்கத்தைக் கூட்டினா 7-ஆல வகுபடணும், பெரும்பாலும் அவ்வளவுதான் சோதனை. அதனால எல்லாமே ஒண்ணு போட்டாலும் ஏத்துக்கும். 2001-ல் எக்ஸ்பி வந்தப்போ 10 உதிரிபாகத்தைப் பார்த்து ஓட்டெடுப்பு மாதிரி முடிவு பண்ணாங்க. ஒண்ணு ரெண்டு மாறினா பரவாயில்லை, நிறைய மாறினா திரும்ப ஆக்டிவேட் பண்ணு. மெஷினோட சேர்ந்து வர்ற ஓஇஎம் லைசென்ஸ்ல அவங்க கணக்கு, மதர்போர்டுதான் மெஷின். ஆனா பழுதாகி மாத்தினா அதே மெஷின்னு ஏத்துக்குவாங்க. மனுஷத்தனமான விதி அது. கம்பெனிகளுக்கான கேஎம்எஸ் முறையில கீ ரகசியமே இல்லை, மைக்ரோசாஃப்ட் தளத்துலயே போட்டிருக்காங்க. உங்க நெட்வொர்க்குக்குள்ள ஒரு சர்வர்தான் அனுமதி கொடுக்கும், அது 180 நாளைக்குச் செல்லும். விண்டோஸ் சர்வர் 2016-லேர்ந்து காசு கணக்கு கோர் எண்ணிக்கையில, ஒரு சர்வருக்குக் குறைஞ்சது 16 கோர். அங்க யாரும் உங்க சீரியல் நம்பரைக் கேக்க மாட்டாங்க, ஆடிட்டர் வந்து கோரை எண்ணுவார்.

எனக்கு இதுல ஒரு கருத்து உண்டு. ஏமாத்தணும்னு முடிவு பண்ணவங்களுக்கு எஸ்எம்பயாஸ்ல நம்பரை மாத்துறதும், மேக் முகவரியை மாத்துறதும் பெரிய விஷயமே இல்லை. இந்தப் பூட்டுல மாட்டிக்கிறது பெரும்பாலும் ஒழுங்கா காசு கட்டினவங்கதான், அதுவும் மெஷின் உடைஞ்ச அன்னிக்கு.

அதனால, சின்ன கம்பெனியில சிஸ்டம் அட்மினா இருக்கீங்கன்னா, நாளைக்கே அரைமணி நேரம் ஒதுக்குங்க. ஒவ்வொரு சர்வரோட சிஸ்டம் சீரியல், யுயுஐடி, மேக் முகவரி மூணையும் எடுத்து அந்த சர்வருக்கு வெளியே, முடிஞ்சா ஒரு பேப்பர்லயும், எழுதி வைங்க. போர்டு மாத்த ஆள் வந்தா, அவர் கிளம்புறதுக்கு முன்னாடி இந்த மூணையும் திரும்பப் பாருங்க. சிஸ்டம் சீரியல் அப்படியே இருக்கணும். ஆன்போர்டு நெட்வொர்க் கார்டுன்னா மேக் மாறியிருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கிற லைசென்ஸ் எதுன்னு அப்பவே தெரிஞ்சுக்குங்க.

புதுசா சாஃப்ட்வேர் வாங்கப் போறவங்க விலை பேசும்போதே கேளுங்க: எந்த நம்பரைப் பார்க்குறீங்க? மெஷின் மாறினா புது கீ எத்தனை மணி நேரத்துல வரும், ஞாயித்துக்கிழமை ராத்திரி கேட்டா வருமா? வருஷத்துக்கு எத்தனை தடவை மாத்தலாம், அதுக்குக் காசு உண்டா? பேக்கப் சைட்டுக்குத் தனி கீ தருவீங்களா? அப்புறம், சேல்ஸ்ல இருக்கிறவருக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கும், பரவாயில்லை, இதையும் கேட்டு கான்ட்ராக்ட்ல எழுதி வாங்குங்க: உங்க கம்பெனியை யாராவது வாங்கிட்டாலோ, மூடிட்டாலோ, எனக்குப் புது கீ யார் கொடுப்பாங்க?